சுழலும் விண்மீன் அட்டையும் குட்டிப் புத்தகமும்: பாதிக் கப்பலுக்காகவே வாங்கலாம்

பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். விண்மீன் பார்க்கப் பழகுகிறவர்களுக்கான சுழலும் அட்டை. கீழே ஒரு வட்டம், அதில் வானப் படம். மேலே இன்னொரு வட்டம், அதில் முட்டை வடிவில் வெட்டிய ஜன்னல். நடுவில் ஒரு ரிவிட். விளிம்பில் இருக்கும் தேதியையும் மணியையும் நேராக வைத்தால், அந்த நேரத்தில் தலைக்கு மேலே என்னென்ன இருக்கிறதோ அது ஜன்னலில் தெரியும். கூடவே 48 பக்கத்தில் ஒரு கையடக்கப் புத்தகம். விண்மீன் கூட்டங்களின் லத்தீன் பெயர்களுக்கு என்ன பொருள், யார் வைத்தது என்று சொல்வது. இரண்டும் சேர்த்து 380 ரூபாய். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில், கடைசி வரிசைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஸ்டாலில் வாங்கினேன். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் போட்டவர்களின் பெயரை விட்டுவிடுகிறேன். சில இளைஞர்கள் சேர்ந்து கைக்காசு போட்டுச் செய்திருக்கிறார்கள். மஞ்சள் உறை, அதன்மேல் பாய்க்கப்பல் படம். கண்டுபிடிக்க இது போதும்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. சரக்குக் கப்பல்களில் செகண்ட் மேட்டாக இருந்துவிட்டுக் கரைக்கு வந்தவன், இப்போது திருவொற்றியூர்வாசி. கப்பலின் வரைபடங்கள், திசைகாட்டி, போகிற வழி எல்லாம் செகண்ட் மேட்டின் பொறுப்பு. ஜி.பி.எஸ். வந்த பிறகும், செக்ஸ்டன்ட்டை எடுத்து விண்மீனின் உயரத்தை அளந்து கப்பல் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லும் கேப்டன்கள் உண்டு. அந்தக் கணக்குக்கான பஞ்சாங்கம் நாட்டிக்கல் அல்மனாக். அதில் 57 விண்மீன்களைப் பொறுக்கி வைத்திருப்பார்கள். அந்த 57-ஐத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எந்த விண்மீன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, அந்தக் கூட்டத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்பதெல்லாம் எங்கள் கணக்குக்குத் தேவைப்படாது. தேவைப்படாததை யாரும் படிப்பதும் இல்லை.

அட்டைக்கு வருகிறேன். அதன் பெரிய பலம், சென்னைக்கென்றே செய்திருப்பது. நம் ஊர் 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஆன்லைனில் கிடைக்கும் வெளிநாட்டு அட்டைகளில் பாதிக்கு மேல் 40, 50 டிகிரிக்காரர்களுக்குச் செய்தவை. அவற்றை இங்கே கொண்டுவந்து சுழற்றினால் அகத்தியர் நட்சத்திரமே ஜன்னலுக்குள் வராது. சரி, 13 டிகிரிக்கு வரைந்துவிட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. வட துருவத்தை நடுவில் வைத்து வரையும்போது தென்வானம் முழுவதும் விளிம்புக்குப் போய் இழுபட்டு அகன்றுவிடும். விண்மீன் கூட்டத்தின் வடிவமே தெரியாது. இவர்கள் அட்டையை இருபக்கமும் அச்சிட்டிருக்கிறார்கள். வடக்குப் பார்த்து நின்றால் முன்பக்கம், தெற்குப் பார்த்து நின்றால் பின்பக்கம். தென்வானம் கையில் இருக்கும் அட்டையிலும் எதிரே இருக்கும் ஆகாயத்திலும் ஒரே வடிவத்தில் நிற்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு. சென்னை 80¼. அதனால் நம் ஊரின் சொந்த நேரம் கடிகாரத்தைவிட 9 நிமிடம் பின்தங்கி இருக்கும். மணி அளவை அச்சிடும்போது அந்த 9 நிமிடத்தையும் கழித்திருக்கிறார்கள். அட்டையில் அது மயிரிழை அளவுதான் வரும், யாரும் கேட்கப்போவதும் இல்லை. இருந்தும் செய்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேயே எனக்கு இவர்கள்மேல் மரியாதை வந்துவிட்டது.

அந்த மரியாதை மொட்டைமாடிக்கு ஏறியதும் கொஞ்சம் இறங்கியது. விண்மீன் பார்க்கும்போது வெள்ளை வெளிச்சம் போட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும், அதனால் சிவப்பு டார்ச்தான் பயன்படுத்துவார்கள். புத்தகத்தின் 3-ஆம் பக்கத்தில் இவர்களே அதை எழுதியிருக்கிறார்கள். அப்புறம் விண்மீன்களை இணைக்கும் கோடுகளைச் சிவப்பு மையில் அச்சிட்டிருக்கிறார்கள்! சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் கோடு மொத்தமாக மறைந்துவிடுகிறது. கையில் இருப்பது புள்ளி வைத்த வெறும் காகிதம். லத்தீன் பெயர்கள் கறுப்பில் இருப்பதால் தப்பித்தன. லேமினேஷனும் கடற்காற்றுக்குத் தாங்கவில்லை, ஓரம் சுருள ஆரம்பித்துவிட்டது. ரிவிட் மட்டும் நல்ல இறுக்கம். வைத்த இடத்தில் நிற்கிறது, காற்றுக்குத் தானாகச் சுழல்வதில்லை.

அட்டைக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு ஆறு. காசு கொடுத்து வாங்கச் சொல்வது புத்தகத்துக்காக. அதிலும் புப்பிஸ் என்ற விண்மீன் கூட்டத்துக்கு ஒதுக்கிய ஆறு பக்கங்களுக்காக.

இந்தப் பெயரை நான் அதுவரை பொருட்படுத்தியதே இல்லை. அல்மனாக்கின் 57 விண்மீன்களில் ஒன்றுகூடப் புப்பிஸில் கிடையாது. பக்கத்துக் கூட்டமான கரினாவில் மூன்று உண்டு, வேலாவில் ஒன்று உண்டு. அவற்றை எல்லாம் அளந்திருக்கிறேன். புப்பிஸ் வழியாகக் கண் போகும், நிற்காது. புத்தகத்தைப் பிரித்தால் முதல் வரியிலேயே பொருள் போட்டிருக்கிறது: கப்பலின் பின்பக்கம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கப்பல் துறைக்குள் நுழையும்போது சீஃப் மேட் முன்னால் நிற்பார், செகண்ட் மேட் பின்னால். கயிறு கட்டுவதை அங்கிருந்துதான் நடத்த வேண்டும். துறைக்குள் வழிகாட்டும் பைலட் கப்பலில் ஏறியதும் வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டு போய் நிற்கும் அந்த இடத்துக்குப் பூப் டெக் என்று பெயர். காலடியில் வின்ச்சின் எண்ணெய்ப் பிசுக்கு, மேலே கொடி, கீழே புரொப்பெல்லர் கலக்கிவிட்ட சேறு, பக்கத்தில் எறிகயிற்றைச் சுருட்டிக்கொண்டு நிற்கும் பையன். கயிறு இழுபட்டு முறுக ஆரம்பித்தால் அதன் சத்தத்தை வைத்தே விலகி நிற்கச் சொல்ல வேண்டும். என் வேலைக்காலத்தில் நல்ல பங்கு அங்கே போயிருக்கிறது. அந்தப் 'பூப்' எங்கிருந்து வந்தது? லத்தீன் புப்பிஸ், பிரெஞ்சுக்குப் போய்ப் 'பூப்' ஆகி, அங்கிருந்து ஆங்கில மாலுமிகள் வாய்க்கு வந்து, கடைசியில் எங்கள் வாய்க்கும் வந்திருக்கிறது. ரோமாபுரிக் கவிஞர்கள் பல இடங்களில் முழுக் கப்பலையே புப்பிஸ் என்று சொல்லிவிடுவார்களாம். புத்தகம் இதற்கு ஒரு காரணமும் தருகிறது. அந்தக் காலத்துக் கப்பலில் சுக்கான் பிடிப்பவன் இருந்தது பின்பக்கம், காவல் தெய்வத்தின் உருவத்தை வைத்ததும் பின்பக்கம். முன்பக்கம் தண்ணீரைக் கிழிக்கும், அவ்வளவுதான். செகண்ட் மேட்டுகள் சார்பில் இந்தக் கருத்தை வழிமொழிகிறேன். சீஃப் மேட்டுகள் மன்னிக்கவும்.

இது எந்தக் கப்பலின் பின்பக்கம்? ஆர்கோ. கிரேக்கக் கதையில் ஜேசன் என்ற இளவரசன் தங்க ஆட்டுத்தோலைத் தேடிப் போன கப்பல். ஆர்கஸ் என்ற தச்சன் அதீனா தேவியின் துணையோடு கட்டியதால் அந்தப் பெயர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டிரியாவில் இருந்த தாலமி தொகுத்த 48 விண்மீன் கூட்டங்களில் ஆர்கோ முழுசாக ஒரே கூட்டம். பிற்காலத்தில் லத்தீனில் ஆர்கோ நாவிஸ் என்றார்கள். நாவிஸ் என்றால் கப்பல். நம் நாவாய் ஞாபகத்துக்கு வருகிறதா? வரும். எந்தச் சொல் எதிலிருந்து வந்தது என்ற சண்டைக்குள் புத்தகமும் போகவில்லை, நானும் போகவில்லை.

கதையைவிட எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம். வானத்தில் இருப்பது பாதிக் கப்பல். பின்பக்கம் உண்டு, பாய்மரம் உண்டு, அடிப்பாகம் உண்டு, முன்பக்கம் கிடையாது. பழைய படங்களில் பாய்மரத்துக்கு அந்தப் பக்கம் பாறையிலோ மேகத்திலோ கப்பல் முடிந்துவிடும். அது மட்டுமில்லை, கப்பல் ரிவர்ஸில் போகிறது! வானம் கிழக்கிலிருந்து மேற்கே நகரும்போது ஆர்கோவின் பின்பக்கம் முதலில் வரும், பாய் அப்புறம் வரும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அராட்டஸ் என்ற கிரேக்கப் புலவர் இதைக் கவனித்துப் பாடி வைத்திருக்கிறார். பெருநாய் என்ற விண்மீன் கூட்டத்தின் வாலுக்குப் பக்கத்தில் ஆர்கோ பின்னோக்கி இழுபட்டு வருகிறது, துறைக்குள் வரும்போது மாலுமிகள் கப்பலைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டுவார்களே அந்த மாதிரி என்கிறார். அவர்கள் காலத்தில் பின்பக்கத்தைக் கரையில் ஏற்றிக் கட்டுவதுதான் வழக்கம். கிளம்பும்போது நேராகத் துடுப்புப் போட்டுப் போய்விடலாம். காசிமேட்டில் படகைத் திருப்பி நிறுத்துகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நாம் சென்னையில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. ஆர்கோ கிழக்கே கடலுக்கு மேல்தான், தென்கிழக்கு மூலையில் எழும்புகிறது. ஜனவரியில் இருட்டியதும் கடற்கரையில் நின்றால் பின்பக்கம் முன்னால் வர அது ஏறுவதைப் பார்க்கலாம். கிரேக்கர்களுக்கு அவர்கள் கப்பலே சரியாகத் தெரிந்ததில்லை. கப்பலின் சுக்கான் துடுப்பில் இருப்பது கனோபஸ், அதாவது நம் அகத்தியர், வானத்தின் இரண்டாவது பிரகாசமான விண்மீன். ஏதென்ஸில் அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. தாலமியின் அலெக்ஸாண்டிரியாவில் 6 டிகிரி எழும்பும். சென்னையில் 24 டிகிரி. பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் தெற்கே நேராக நிற்கும், தேடவே வேண்டாம். புப்பிஸின் பிரகாசமான விண்மீன் நேயாஸ் இன்னும் உயரம், 37 டிகிரி. நேயாஸ் என்பது கப்பல் என்ற பொருள்பட்ட கிரேக்கச் சொல். நீல நிற ராட்சத விண்மீன், வெறுங்கண்ணால் பார்க்கக்கூடியவற்றில் மிகச் சூடானவற்றில் ஒன்று.

கப்பல் எப்படித் துண்டானது என்ற பகுதியைத்தான் இந்தப் புத்தகத்தில் ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறார்கள். நிக்கோலா லூயி டி லக்காய் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், வானியலாளர். 1751-இல் நன்னம்பிக்கை முனைக்குப் போய், அரை அங்குல லென்ஸ் வைத்த குட்டித் தொலைநோக்கியால் தென்வானத்தில் சுமார் 10,000 விண்மீன்களை அளந்தார். ஐரோப்பியர் பெயர் வைக்காமல் விட்டிருந்த இடங்களில் 14 புதுக் கூட்டங்களை உருவாக்கினார். ஒன்று அங்கிருந்த மேசை மலையின் பெயர், மற்றதெல்லாம் கருவிகள்: காற்றுப் பம்பு, உலை, கவராயம், மூலைமட்டம், கடிகாரம். புராணத்தில் அவருக்கு ஈடுபாடு இருந்த மாதிரி தெரியவில்லை. ஆர்கோவுக்கு வந்ததும் திணறிவிட்டார். கப்பல் அவ்வளவு பெரியது, விண்மீனும் அவ்வளவு அதிகம். அதனால் உடம்பை மூன்றாகப் பிரித்துப் பட்டியல் போட்டார். கரினா அடிக்கட்டை, நாங்கள் கீல் என்போம். புப்பிஸ் பின்பக்கம். வேலா பாய்கள். லத்தீனில் பாய் என்று ஒருமையில் சொன்னால் 'வேலும்', பன்மையில் 'வேலா'. லக்காய் 1762-இல் இறந்தார், லத்தீன் பெயர்களோடு அவருடைய புத்தகம் அடுத்த வருஷம் வெளிவந்தது.

அவர் பிரித்தது கணக்கு வசதிக்கு. கப்பல் ஒன்றுதான் என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. அதற்குச் சாட்சி கிரேக்க எழுத்துகள். ஒவ்வொரு விண்மீன் கூட்டத்திலும் ஆல்பா, பீட்டா, காமா என்று எழுத்து கொடுப்பது வழக்கம். லக்காய் மூன்று துண்டுக்கும் சேர்த்து ஒரே வரிசையாகக் கொடுத்துவிட்டார். ஆல்பாவும் பீட்டாவும் கரினாவுக்குப் போயின. காமாவும் டெல்டாவும் வேலாவுக்கு. எப்சிலான் மறுபடி கரினாவுக்கு. ஜீட்டாதான் புப்பிஸுக்குக் கிடைத்த முதல் எழுத்து, அதுதான் நேயாஸ். அதனால் இன்றைக்கும் புப்பிஸில் ஆல்பா கிடையாது, வேலாவிலும் கிடையாது. பாகப்பிரிவினை நடந்தும் பட்டா இன்னும் அப்பா பேரிலேயே இருக்கிற வீடு மாதிரி. 1922-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் 88 கூட்டங்களின் பட்டியலை ஏற்றபோது மூன்றும் தனித்தனிக் கூட்டங்களாகவே இடம்பெற்றன. ஆர்கோ பட்டியலில் இல்லை. இப்போதைய எல்லைகளை 1928-இல் ஒப்புக்கொண்டு 1930-இல் வெளியிட்டார்கள். துண்டுகளில் பெரியது புப்பிஸ், 673 சதுர டிகிரி. மூன்றையும் திரும்ப ஒட்டினால் இன்றைய பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் ஹைட்ராவையே தாண்டிவிடும்.

பக்கத்தில் பிக்சிஸ் என்று ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது, மாலுமியின் திசைகாட்டி. அதையும் கப்பலின் துண்டு என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இந்தப் புத்தகம் அப்படிச் செய்யவில்லை. பிக்சிஸ் லக்காய் புதிதாக வைத்தது. ஜேசனிடம் காந்தத் திசைகாட்டி ஏது? பழைய படங்களில் ஆர்கோவின் பாய்மரம் அந்தப் பக்கம்தான் நிற்கும். அதை நினைத்துத்தான் பிற்பாடு ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில வானியலாளர் பாய்மரம் என்று பொருள்படும் மாலுஸ் என்ற பெயரைச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

இவ்வளவு கவனமாக எழுதியவர்களின் புத்தகத்தில் 46-ஆம் பக்கம் எப்படி வந்தது என்றுதான் புரியவில்லை. கடைசியில் 88 கூட்டங்களுக்கும் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் லத்தீன் பெயர், எதிரே தமிழ்ப் பொருள். அதில் புப்பிஸுக்கு எதிரே 'நாய்க்குட்டி' என்று இருக்கிறது. உள்ளே ஆறு பக்கம் கப்பல் ஓட்டியவர்கள் கடைசியில் நாய்க்குட்டியை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். கட்டுரை எழுதியவர் ஒருவர், பட்டியல் தட்டியவர் வேறொருவர் என்று நினைக்கிறேன். பட்டியலில் 'பப்பிஸ்' என்று எழுத்துப்பெயர்ப்பு செய்திருப்பதுதான் வினை. லத்தீனில் அந்த u எழுத்துக்கு உகர ஒலி. புப்பிஸ் என்று எழுதியிருந்தால் ஆங்கிலப் பப்பி ஞாபகத்துக்கே வந்திருக்காது.

இது சின்னப் பிழைதானே என்று விட முடியவில்லை. காரணம், நம்பும்படியான பிழை. என் தங்கை மகள் பட்டியலைத்தான் முதலில் படித்தாள்.

"கரெக்டா தானே மாமா இருக்கு? பெரிய நாய் பக்கத்துலயே குட்டி இருக்கு பாருங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. அராட்டஸ் பாடிய பெருநாய், சிரியஸ் இருக்கும் கேனிஸ் மேஜர், புப்பிஸுக்கு ஒட்டினாற்போலத்தான் நிற்கிறது. கொஞ்சம் வடக்கே சிறுநாயும் இருக்கிறது. குடும்பமாக உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் நம்பிவிடுவார்கள். நான் 21-ஆம் பக்கத்தைப் பிரித்துக் காட்டியும் அவள் பாதிதான் சமாதானம் ஆனாள். "அப்ப அந்தக் கப்பல்ல ஒரு நாய்க்குட்டியாவது இருந்திருக்கும்" என்று முடித்துவிட்டாள். இருந்திருக்கலாம். எங்கள் கப்பல் ஒன்றில் சமையல்காரர் பூனை வளர்த்தார்.

தமிழ்ப் பெயர்களைப் பற்றி: அட்டையில் கரினாவுக்கு 'ஏரா', புப்பிஸுக்கு 'அமரம்', வேலாவுக்கு 'பாய்' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஏரா என்றால் கீல். அமரம் என்பது சுக்கான் இருக்கும் பின்பக்கத்துக்கான படகுச் சொல். இரண்டும் நல்ல சொற்கள், அகராதியில் தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பியிருக்கிறார்கள். விளக்கம் இல்லாமல் அட்டையில் மொட்டையாகப் போட்டதுதான் சரியில்லை. 'பாய்' என்று மட்டும் படிக்கிற பிள்ளைக்குக் கோரைப்பாய்தானே ஞாபகம் வரும்?

விட்டுப்போனது ஒன்று. விண்மீன்களின் பெயர்க்கதைகளில் ஒரு பக்கம் நன்றாகத்தான் போகிறது. கரினாவின் எப்சிலானுக்குப் பெயரே இல்லாமல் இருந்ததால், பிரிட்டிஷ் விமானப் படையின் பஞ்சாங்கத்துக்காக 1930-களில் அவியார் என்று புதிதாக ஒரு பெயர் வைத்த கதை இருக்கிறது. அப்போலோ 1 விண்வெளி வீரர் ரோஜர் சாஃபியின் பெயரைத் திருப்பிப் போட்டு வேலாவின் காமாவுக்கு ரெகோர் என்று வைத்த விளையாட்டும் இருக்கிறது. அகத்தியரை அரபியில் சுஹைல் என்பார்கள் என்று படித்ததும் மண்ணடியில் இருக்கும் என் நண்பருக்கு உடனே போன் போட்டேன், அவர் மகனின் பெயர் அது. இதெல்லாம் சரி. ஆனால் சென்னையில் அச்சான புத்தகத்தில் நுங்கம்பாக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை! 1792-இல் அங்கே கட்டிய மதராஸ் வானாய்வகத்தில் டெய்லர் என்பவர் 11,015 விண்மீன்களின் பட்டியல் தயாரித்து 1844-இல் வெளியிட்டார். அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது இருப்பது ரெட்டிகுலத்தில், லக்காய் தன் தொலைநோக்கிக் கண்ணாடியின் வலைக்கோடுகளுக்காக வைத்த அதே கூட்டத்தில். லக்காயைப் பற்றி இவ்வளவு எழுதியவர்கள் அங்கிருந்து நுங்கம்பாக்கத்துக்கு வர அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

எங்கே நின்று பார்ப்பது என்று கேட்பீர்கள். புத்தகம் 'நகரத்துக்கு வெளியே' என்று பொதுவாகச் சொல்லி நழுவிவிடுகிறது. திருவொற்றியூர் மொட்டைமாடியில் தெற்கே திரும்பினால் துறைமுகத்துக் கிரேன் விளக்குகள்தான் விண்மீன். அகத்தியர் அதையும் மீறித் தெரிவார், நேயாஸ் முயன்றால் தெரியும், மற்றது தெரியாது. ஊர் முழுவதும் நமக்கு வடக்கே இருக்கும்படி போய்விட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டினால் தென்வானம் ஓரளவு இருட்டாகக் கிடைக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போங்கள். மார்ச், ஏப்ரலில் வேலாவிலும் கரினாவிலும் இரண்டிரண்டு விண்மீன் சேர்ந்து ஒரு சிலுவை மாதிரி நிற்கும், அது பொய்ச் சிலுவை. அசல் தென்சிலுவை அதற்கும் கிழக்கே, மே மாத இரவுகளில் தெற்கே நேராக வரும். இரண்டையும் அட்டையின் பின்பக்கம் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. பைனாக்குலர் இருந்தால் புப்பிஸுக்குள் எம்47 என்ற விண்மீன் கொத்தைத் தேடுங்கள், சிரியஸுக்குக் கிழக்கே. வெளியே போக முடியாதவர்கள் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு இந்த அட்டையோடு போகலாம், காட்சி முடிந்து வந்து ஒப்பிட்டுப் பார்க்க நன்றாக இருக்கும்.

வாங்கலாமா? போனில் செயலி வைத்திருப்பவர்களுக்கு அட்டை அவசியமில்லை. புத்தகத்தைத் தனியாகத் தருகிறார்களா என்று கேட்டேன், தரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும். மீன்பிடித் துறைமுகப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிச்சயம் வேண்டும், படகுச் சொற்களில் அவர்கள் இவர்களுக்கே நாலு திருத்தம் சொல்வார்கள். உறையில் இருந்த எண்ணுக்குப் பேசி 46-ஆம் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். எடுத்த பெண் சண்டைக்கு வரவில்லை. "ஐயோ சார், உங்களுக்கு முன்னாடியே ரெண்டு பேர் சொல்லிட்டாங்க" என்று சிரித்தாள். திருத்தச் சீட்டு அச்சடித்துவிட்டார்களாம். இனி வாங்குகிறவர்கள் அது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிவப்புக் கோட்டுக்கு அடுத்த பதிப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். அதுவரை கறுப்பு பெர்மனன்ட் மார்க்கரால் கோட்டின்மேல் வரைந்துகொள்ளுங்கள், சாதாரணப் பேனா லேமினேஷனில் நிற்காது.